கூரைக்குள்ள போன ஆட்டம், கூரையை விட்டு வந்த ஆட்டம்

இந்த எபிசோட் ஒரு மலையில ஆரம்பிச்சு தஞ்சாவூர், லண்டன், பெர்லின், மணிலா எல்லாம் சுத்திட்டு மறுபடியும் அதே மலைக்கு வரும். காதுல ஹெட்போனை நல்லா மாட்டிக்கோங்க.

வாணியம்பாடியில இருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா, வழியில காவலூர் வரும். அங்கதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. 1968ல 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒண்ணோட ஆரம்பிச்ச இடம். 1986ல 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி வந்துச்சு. அது இருக்குற கட்டடத்தோட தலையில ஒரு பெரிய குமிழ். அந்தக் குமிழ்ல ஒரு நீளமான கதவு. வானம் தெளிவா இருந்தா கதவு திறக்கும், மேகம் வந்தா மூடும். தொலைநோக்கிக்கு வானமும் வேணும், மழை மேல விழவும் கூடாது. அதனால கூரை உண்டா இல்லையான்னு கேட்டா, அங்க பதில் "ரெண்டும்"தான்.

சரி, விளையாட்டைப் பத்தின எபிசோட்ல தொலைநோக்கி எதுக்கு? ஏன்னா இதே மலையில, இதே கேள்வியை ஒரு விளையாட்டுக் கோர்ட்டுக்குக் கேட்டுப் பார்க்கப் போறோம். ஒரு கற்பனைக்கு வச்சுக்குவோம். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைங்க எல்லாரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள்ல இருந்து வந்து அங்கேயே தங்கிப் படிக்கிறாங்க. (பேரைப் பார்த்துக் கேரளாவோட முடிச்சுப் போட்டுடாதீங்க, இவங்க இந்த மலையோட ஆளுங்க, பேசுறது தமிழ்.) ஒரே ஒரு கோர்ட் போடத்தான் காசு வந்திருக்கு. நாலு சுவரும் கூரையும் உள்ள இன்டோர் ஹாலா கட்டலாமா, இல்ல வெட்டவெளியில தரையைச் சமப்படுத்தி நெட் கட்டலாமா?

கேட்டா இன்ஜினியர் சொல்ல வேண்டிய பதில் மாதிரி இருக்கு. எனக்கு அப்படித் தோணல. இது வரலாற்றுக் கேள்வி. ஒவ்வொரு விளையாட்டும் தான் பிறந்த இடத்தோட தட்பவெப்பத்தைத் தன் விதிக்குள்ளேயே தூக்கிட்டு அலையுது. இந்த ஊர்ல பிறந்த ஒரு ஆட்டம் இங்கிலாந்து போய்க் கூரைக்குள்ள நுழைஞ்சுச்சு. அமெரிக்காவுல கூரைக்குள்ள பிறந்த ஒரு ஆட்டம் மெட்ராஸ் வந்து வெளியே வந்துடுச்சு. ரெண்டு கதையையும் தெரிஞ்சுக்கிட்டா, அந்த மலைப் பள்ளிக்கு என்ன சொல்றதுன்னு ஓரளவு பிடிபடும்.

முதல் கதை தஞ்சாவூர்ல ஆரம்பிக்குது.

1855ல தஞ்சையோட கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாம இறந்துபோறார். "வாரிசு இல்லையா, அப்ப ராஜ்யம் எங்களுக்கு"ன்னு கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்குது. அதுக்கு அடுத்த வருஷம், அதாவது 1856 வாக்குல, தஞ்சை அரச குடும்பத்தார் மஞ்சள் கம்பளிப் பந்தை வச்சு நெட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னு பேட்டால அடிச்சு விளையாடிட்டு இருந்தாங்கன்னு பால் பேட்மிண்டன் வரலாறு சொல்லுது. நாடு போச்சு, முற்றம் மிச்சம் இருந்துச்சு. இது என்னோட வாசிப்புதான், ஆனா அந்த ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்காம என்னால இருக்க முடியல.

நம்ம ஸ்கூல்ல இதுக்குப் பேரு பூப்பந்து. ஷட்டில் வச்சு ஆடுறது இறகுப்பந்து. பல பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக் குழப்பிக்குவாங்க. இன்னைக்கு எபிசோடே இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துலதான் நிக்குது, அதனால ஒரு நிமிஷம் இங்க நின்னுட்டுப் போவோம்.

ஷட்டில் காக்கோட எடை சுமார் 5 கிராம். 16 இறகு. அது காத்தைக் கிழிச்சுட்டுப் போற பொருள் இல்ல, காத்துல மாட்டிக்கிற பொருள். 2023ல சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்துல ஸ்மாஷ் அடிச்சு கின்னஸ்ல ஏறினார். அந்த வேகம் பேட்டை விட்டுக் கிளம்புற நொடியில மட்டும்தான். எதிர்ப்பக்கம் போய்ச் சேரும்போது அதுல ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். மீதியைக் காத்து தின்னுடும். நிக்கிற காத்தே இவ்வளவு செய்யுதுன்னா, வீசுற காத்து என்ன செய்யும்? அப்பார்ட்மெண்ட் மொட்டை மாடியில ஷட்டில் ஆடினவங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு பக்கம் அடிப்பீங்க, அது பக்கத்து வீட்டுத் துணிக் கொடியில போய் உக்காந்திருக்கும்.

கம்பளிப் பந்து அப்படி இல்ல. 27ல இருந்து 30 கிராம் எடை. ஷட்டிலை விட அஞ்சாறு மடங்கு கனம். உருண்டை. காத்து அடிச்சாலும் கொஞ்சம் வளையும், ஆனா போற வழியை மறக்காது. கோர்ட்டும் பெருசு, 24க்கு 12 மீட்டர். ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர். பகல்ல, வெளியில, மண் தரையில ஆடுறதுக்குன்னே வளர்ந்த ஆட்டம். வெயில் ஒருத்தர் கண்ணுல மட்டும் குத்தக்கூடாது, காத்து ஒரு அணிக்கு மட்டும் சாதகமா இருக்கக்கூடாதுன்னு நடுநடுவே பக்கம் மாறிக்கணும். அதாவது வெயிலும் காத்தும் இந்த விளையாட்டுக்குத் தொந்தரவு இல்ல. ரெண்டு அணிக்கும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டிய பொருள், அவ்வளவுதான்.

இப்ப பூனாவுக்குப் போவோம். 1860, 70கள்ல அங்க இருந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிங்க ஷட்டில் வச்சு நெட்டுக்கு மேல அடிச்சு ஆடினாங்க. ஆட்டத்துக்கே "பூனா"ன்னு ஒரு பேரு இருந்துச்சு. காத்தோ ஈரமோ அதிகமா இருந்தா ஷட்டிலுக்குப் பதிலா கம்பளிப் பந்தை எடுத்துக்கிட்டாங்கன்னு பேட்மிண்டன் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. இந்த இடத்தைக் கவனிங்க. வானிலை சரியில்லன்னா பந்தை மாத்துறது ஒரு தீர்வு. இடத்தை மாத்துறது இன்னொரு தீர்வு. இந்தியாவுல முதல் தீர்வு போதுமானதா இருந்துச்சு.

இங்கிலாந்துல போதல. லீவுல ஊருக்குப் போன அதிகாரிங்க ஆட்டத்தையும் எடுத்துட்டுப் போனாங்க. பியூஃபோர்ட் பிரபுவோட மாளிகை பேரு பேட்மிண்டன் ஹவுஸ். அந்தப் பேரே ஆட்டத்துக்கு ஒட்டிக்கிச்சு. அந்த ஊரு மழையிலயும் குளிர்லயும் வெளியில நின்னு இறகை அடிக்க முடியுமா? உள்ளே போயிட்டாங்க. 1893ல இங்கிலாந்துல பேட்மிண்டன் சங்கம் உருவாச்சு. 1899ல முதல் ஆல் இங்கிலாந்து போட்டி லண்டன்ல, படைவீரர்கள் டிரில் செய்யுற ஒரு ஹால்ல நடந்துச்சு. ஏன் டிரில் ஹால்? அகலமா, உயரமா, நடுவுல தூண் இல்லாம, சாயங்காலத்துல சும்மா கிடக்குற கட்டடம் அதுதான். யாரும் பேட்மிண்டனுக்குன்னு முதல்ல கட்டடம் கட்டல. இருந்த கட்டடத்துக்குள்ள ஆட்டம் போய் உக்காந்துச்சு.

அப்படி உக்காந்ததோட தழும்பு கூட உண்டு. ஆரம்பத்துல பேட்மிண்டன் கோர்ட் செவ்வகமா இல்ல. உடுக்கை மாதிரி, நெட் இருக்குற இடத்துல இடுப்பு சிறுத்து இருந்துச்சு. அந்த அறையோட கதவு ரெண்டு பக்கமும் உள்பக்கமா திறந்ததால கோர்ட்டை அங்க குறுக்க வேண்டியதாச்சுன்னு ஒரு கதை சொல்வாங்க. கதை நிஜமோ இல்லையோ, உடுக்கைக் கோர்ட் நிஜம். 1901லதான் அதை நேராக்கினாங்க.

ஆக, இங்க காத்தாட ஆடின ஆட்டம், ஊரு மாறி, கதவைச் சாத்திக்கிட்டு, வேற ஆளாயிடுச்சு. உலக அமைப்பு 1934ல வந்தப்போ பேட்மிண்டன்னாலே உள்ளே ஆடுறதுன்னு ஆயிடுச்சு. இன்னைக்குப் பெரிய போட்டிகளுக்குக் கூரை 12 மீட்டர் உயரத்துல இருக்கணும், அதாவது ஏறக்குறைய நாலு மாடி. ஏசி காத்து லேசா ஒரு பக்கமா இழுத்தாலே பிளேயர்ஸ் "டிரிஃப்ட் இருக்கு"ன்னு புலம்புவாங்க.

இரண்டாவது கதை இதுக்கு நேர் எதிர்.

1891 டிசம்பர். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்ப்ரிங்ஃபீல்ட் ஊர்ல ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. ஃபுட்பால் சீசன் முடிஞ்சுச்சு, பேஸ்பால் சீசன் வர மாசக்கணக்காகும். மாணவர்கள் ஜிம்முக்குள்ள அதே உடற்பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செஞ்சு கடுப்பாகிக் கிடந்தாங்க. உள்ளேயே ஆடுற மாதிரி ஒரு புது ஆட்டம் கண்டுபிடின்னு ஜேம்ஸ் நைஸ்மித் என்கிற ஆசிரியருக்கு உத்தரவு. அவர் பீச் பழக்கூடை ரெண்டை எடுத்து, ஜிம்மைச் சுத்தி இருந்த பால்கனியோட விளிம்புல ஆணி அடிச்சு மாட்டினார். அந்த பால்கனி தரையில இருந்து 10 அடி. கூடைப்பந்தோட வளையம் இன்னைக்கும் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். உங்க காலேஜ் கிரவுண்ட்ல வேப்ப மரத்துக்குக் கீழ நிக்கிற போஸ்ட்ல இருக்குற வளையமும் அதே உயரம்தான். நீங்க பார்க்கவே பார்க்காத ஒரு கட்டடத்தோட பால்கனியை நோக்கித்தான் தினமும் பந்தைப் போட்டுட்டு இருக்கீங்க. பின்னாடி இருக்குற போர்டு கூட, பால்கனியில நின்னு வேடிக்கை பார்த்தவங்க கையை நீட்டிப் பந்தைத் தட்டி விட்டதைத் தடுக்கத்தான் வந்துச்சு.

நாலு வருஷம் கழிச்சு, 1895ல, பக்கத்து ஊரான ஹோலியோக்ல வில்லியம் மார்கன் என்கிற இன்னொரு ஒய்.எம்.சி.ஏ ஆளு வாலிபாலைக் கண்டுபிடிச்சார். கூடைப்பந்து முரட்டுத்தனமா இருக்கு, நடுத்தர வயசு ஆளுங்க மூச்சு வாங்காம உள்ளே ஆட ஒண்ணு வேணும்னு உருவானது. ரெண்டு ஆட்டத்துக்கும் தாய் ஒருத்திதான்: அந்த ஊரோட குளிர்காலம்.

1919ல ஸ்ப்ரிங்ஃபீல்ட்ல படிச்ச ஹாரி குரோ பக் மெட்ராஸ் வந்தார். 1920ல அவர் ஆரம்பிச்ச உடற்கல்விப் பள்ளிதான் இன்னைக்கு நந்தனத்துல இருக்குற ஒய்.எம்.சி.ஏ கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவர்தான். அங்க படிச்சு வெளிய வந்த பி.டி. மாஸ்டருங்க தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனாங்க. கூடவே வாலிபாலும் கூடைப்பந்தும் போச்சு. ஆனா இங்க பனி எங்க இருக்கு? கூரைக்கான காரணமே இல்லாம போச்சு. ஆட்டம் வெளியே வந்துடுச்சு. வாலிபாலுக்கு ரெண்டு சவுக்குக் கம்பு, ஒரு நெட், கோடு போடச் சுண்ணாம்பு, முடிஞ்சது. அறுவடை முடிஞ்ச களத்துல கூட ஆடலாம். கூடைப்பந்துக்கு ஒரு சிமெண்ட் தளம். கோடையில பெரியகுளம், கரூர் மாதிரி ஊர்ல மின்னொளியில நடக்குற கூடைப்பந்துப் போட்டிகளுக்கு அகில இந்திய அணிகள் வந்து ஆடுது. அந்த ஊர்க்காரங்க கிட்ட "இது பனிக்கு பயந்து ரூமுக்குள்ள கண்டுபிடிச்ச கேம்"னு சொன்னா சிரிப்பாங்க.

இதுவரைக்கும் கேட்டா, "அப்ப நம்ம ஊருக்குக் கூரையே வேணாம், வெளியிலதான் அழகு"ன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. பெர்லினுக்குப் போயிட்டு வந்துடுவோம்.

1936 ஒலிம்பிக்ல கூடைப்பந்து முதல் முறையா அதிகாரப்பூர்வமா சேருது. ஜெர்மனிக்காரங்க அதை வெளியில நடத்தினாங்க, டென்னிஸ் ஆடுற களிமண் கோர்ட்ல. ஆகஸ்ட் 14, இறுதிப் போட்டி, அமெரிக்காவும் கனடாவும். மழை. கோர்ட் சேறாயிடுச்சு. பந்தைத் தரையில தட்டினா அது அங்கேயே சொத்துன்னு உக்காந்துக்குது. டிரிபிள் பண்ணவே முடியல, கைக்குக் கை தூக்கிப் போட்டுத்தான் ஆடினாங்க. கடைசி ஸ்கோர் 19–8. இன்னைக்கு ஒரு டீம் கால்வாசி ஆட்டத்துலயே இதுக்கு மேல எடுக்கும். பனிக்குப் பயந்து ஆட்டத்தை உள்ளே வச்சுக் கண்டுபிடிச்ச நைஸ்மித் அந்த ஒலிம்பிக்குக்கு வந்திருந்தார். தன் ஆட்டம் சேத்துல நடக்குறதை அவர் என்ன நினைச்சுப் பார்த்திருப்பார்! அடுத்த ஒலிம்பிக் 1948ல லண்டன்ல. கூடைப்பந்து கூரைக்குக் கீழ திரும்பிப் போயிடுச்சு, அதோட சரி.

மேல்மட்டத்துல கூரைதான் ஜெயிச்சது. 1964ல வாலிபால் ஒலிம்பிக்ல சேர்ந்துச்சு, இன்டோர். 1992ல பேட்மிண்டன், இன்டோர். கபடி 1990ல ஆசிய விளையாட்டுக்குள்ள போச்சு. அப்புறம் மண்ணு போய் மேட் வந்துச்சு, வெறுங்கால் போய் ஷூ வந்துச்சு. மண்ணுல கத்துக்கிட்ட பையனுக்கு மேட் வேற கேம். மண்ணு சறுக்கும், மேட் பிடிச்சு நிறுத்தும். ராத்திரி முழுக்க டியூப்லைட் வெளிச்சத்துல மண்ணுல ஆடின நம்ம ஊரு பிளேயர்ஸ் முட்டியைப் புதுசாப் பழக்க வேண்டியிருந்துச்சு. சென்னையில நேரு உள்விளையாட்டரங்கம் வந்ததே 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகத்தான். வெளியூர் ஆளுங்க வரும்போதுதான் நமக்குக் கூரை ஞாபகம் வரும்.

பூப்பந்து என்னாச்சு? 1954ல இந்தியக் கூட்டமைப்பு உருவாச்சு. 1970ல வாரங்கல்லைச் சேர்ந்த ஜெ. பிச்சையா இந்த ஆட்டத்துக்கு முதல் அர்ஜுனா விருது வாங்கினார். தென்னிந்தியா முழுக்கப் பள்ளி, கல்லூரி, ரயில்வே அணிகள் எல்லாம் ஆடுச்சு. இன்னைக்கும் ஆடுறாங்க, ராத்திரியில விளக்கு போட்டு உள்ளே ஆடுறதும் உண்டு. ஆனா டிவியில வராது, ஒலிம்பிக்ல கிடையாது. அந்த ஆட்டம் மோசமான ஆட்டம் இல்ல. உலக விளையாட்டு கூரைக்குள்ள போனப்போ அது வாசல்ல நின்னுடுச்சு.

ஷட்டில் உள்ளே போனதோட இந்திய விலை என்னன்னு பார்க்க பிரகாஷ் படுகோனைப் பார்க்கணும். 1980ல ஆல் இங்கிலாந்து ஜெயிச்ச முதல் இந்தியர். அவர் பெங்களூர்ல எங்க ஆடக் கத்துக்கிட்டார் தெரியுமா? மல்லேஸ்வரத்துல, கனரா யூனியனோட கல்யாண மண்டபத்துல. கல்யாணம் இருந்தா அன்னைக்கு ஆட்டம் கிடையாது. லண்டனுக்கு டிரில் ஹால், நமக்குக் கல்யாண மண்டபம். உயரமான, தூண் இல்லாத, பூட்டி வைக்கிற கட்டடம் இந்தியாவுல அதுதானே! முகூர்த்த நாள் பார்த்து பிராக்டிஸ் பண்ணி உலகத்தை ஜெயிச்சிருக்கார் மனுஷன்.

பூட்டி வைக்கிற கட்டடம்னு சொன்னேன்ல, அங்கதான் எனக்கு விஷயம் இருக்கு. கூரைன்னா சுவர். சுவர்னா கதவு. கதவுன்னா சாவி. சாவி யார் கிட்டயோ இருக்கும். வெளிக் கோர்ட்டுக்குச் சாவி இல்ல. சிட்டியில இருக்குற நமக்கு அது பழகிடுச்சு. ஆப்ல ஸ்லாட் புக் பண்றோம், மணிக்கு இவ்வளவுன்னு கட்டுறோம், மணி அடிச்சதும் அடுத்த கும்பல் வாசல்ல நிக்குது. நம்ம சாவி நம்ம போன்ல இருக்கு. மலையில அந்தச் சாவி யார்கிட்ட இருக்கும்? ஹெட்மாஸ்டர் கிட்டயா, வாட்ச்மேன் கிட்டயா? அவர் லீவுன்னா? ஹால் நல்லா இருக்கணும்னு பத்திரப்படுத்தி, விழாவுக்கு மட்டும் திறக்குற உள்விளையாட்டரங்கம் எத்தனை ஊர்ல பார்த்திருப்பீங்க.

ஆனா எதிர்வாதத்தையும் நேர்மையா வைக்கணும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல துளசிமதி முருகேசன் பேட்மிண்டன்ல வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்யஸ்ரீ சிவன் வெண்கலம். மூணு பேரும் தமிழ்நாட்டுப் பொண்ணுங்க. அந்த மேடைக்கு மொட்டை மாடியில ஆடிப் போக முடியாது. ஹால் வேணும். மலைப் பள்ளிக்கு ஹால் வேணாம், வெளியிலயே ஆடட்டும்னு சொல்றது கேக்க இயற்கை நேசிப்பு மாதிரி இருக்கும், ஆனா அந்தப் பிள்ளைக்கு அந்தக் கதவையே காட்டாம விடுறதும் அதுலதான் இருக்கு. மலைக்குப் பச்சை, வெளிக்காத்து எல்லாம் நாம வீக்கெண்ட் போய் ரசிக்கிற விஷயம். ஹாஸ்டல்ல இருக்குற பிள்ளைக்கு, மழைக்காலத்துல சாயங்காலம் நாலரை மணிக்கு ஸ்கூல் விட்ட பிறகு ஆட இடமே இல்லைங்கறதுதான் நிஜம்.

அப்ப மழைக்கு என்ன வழி? காசு இருக்குறவங்க காவலூர் மாதிரி செஞ்சாங்க. மெல்போர்ன்ல 1988ல இருந்து, விம்பிள்டன் சென்டர் கோர்ட்ல 2009ல இருந்து திறந்து மூடுற கூரை. மழை வந்தா மூடு, போனா திற. அந்தப் பணத்துக்கு ஜவ்வாது மலை முழுக்க ரோடு போடலாம், விடுங்க.

காசு இல்லாதவங்க செஞ்சதைப் பார்க்கணும்னா பிலிப்பைன்ஸ் போகணும். அங்கயும் கூடைப்பந்து அமெரிக்கக்காரங்க, ஒய்.எம்.சி.ஏ வழியாத்தான் வந்துச்சு, நம்ம மெட்ராஸ் மாதிரியே. அங்கயும் பனி கிடையாது, ஆனா மழையும் புயலும் நம்மளை விட ஜாஸ்தி. அவங்க கண்டுபிடிச்ச வடிவம் "கவர்டு கோர்ட்". சிமெண்ட் தளம், உயரமான தூண்கள், மேல வளைஞ்ச தகரக் கூரை. சுவர் கிடையாது. நாலு பக்கமும் திறந்தே கிடக்கும். ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அது இருக்கு. காலையில பசங்க ஆடுவாங்க. மத்தியானம் ஊர்க்கூட்டம். ராத்திரி கல்யாண விருந்து. புயல் வந்தா மக்கள் தங்குற இடம். தடுப்பூசியும் அங்கதான். சுவர் இல்லாததால சாவி இல்ல. சாவி இல்லாததால யாரும் யார்கிட்டயும் கேட்டுட்டு நிக்க வேண்டியதில்ல.

என் ஓட்டு அந்த ஷெட்டுக்குத்தான். கூரை உண்டு, சுவர் இல்ல.

ஏன்னு சொல்றேன். ஜவ்வாது மலையில தட்டையான நிலம் கிடைக்கிறதே கஷ்டம். சமமா ஒரு துண்டு இருந்தா அதுல சாமை காயும், இல்ல வீடு நிக்கும். பாறையை வெட்டி, மண்ணைக் கொட்டித் தளம் போட்டா, அது வருஷம் முழுக்க உபயோகமா இருக்கணும். வெட்டவெளின்னா மழை மாசங்கள் போச்சு. மூடின ஹால்னா, மூணு நாலு மாடி உயரத்துக்குச் சுவர் எழுப்ப ஜல்லியும் மணலும் இரும்பும் மலை ஏறணும். மரத்தளம் போட்டா ஈரத்துல உப்பிக்கும். வெயில் நாள்ல கதவைச் சாத்தினா உள்ளே அவியும், ஃபேன் போட்டா ஷட்டில் பறக்கும். ஷெட்டுக்கு இந்தப் பஞ்சாயத்து எதுவும் இல்ல. வாலிபால் ஆடலாம், கபடிக்கு மேட் விரிக்கலாம், சுருட்டி ஓரமா வைக்கலாம். ஒரு தொல்லை உண்டு, மழை அடிச்சா தகரச் சத்தத்துல மாஸ்டர் கத்துறது காதுல விழாது. பரவாயில்ல, விசில் இருக்கு. இன்னொரு தொல்லை, சாமையைக் காயப்போட ஊரே அங்க வரும். வரட்டும். அப்பதான் தளம் பேந்தா ஊர்க்காரங்களும் கேப்பாங்க.

பொண்ணுங்க விஷயத்துல எனக்கே ரெண்டு மனசு. சுவர் இருந்தா வேடிக்கை பார்க்குற கண்ணு குறையும்னு சிலர் சொல்வாங்க, அதுல நியாயம் இருக்கு. ஆனா சாயங்காலத்துல மூடின கட்டடத்துக்குள்ள பொண்ணுங்களை அனுப்ப வீட்ல யோசிப்பாங்க, ஊரே பார்க்குற ஷெட்டுக்கு அனுப்ப அவ்வளவு யோசிக்க மாட்டாங்க. இதை நானோ பஞ்சாயத்துத் தலைவரோ முடிவு பண்ணக்கூடாது. அந்த ஸ்கூல் பொண்ணுங்க கிட்ட கேட்டுட்டுத் தூண் நடணும்.

ஷட்டில்? சுவர் இல்லாத ஷெட்ல ஷட்டில் சரிவராது, மலைக்காத்து விடாது. அதை ஒத்துக்கணும். ஷட்டில்ல மேல வர்ற பிள்ளைக்குக் கீழ திருவண்ணாமலையோ வேலூரோ போக பஸ்ஸுக்கும் தங்குறதுக்கும் காசு ஒதுக்கணும். ஹால் கட்டுற செலவுல அது ஒரு துளி.

ஷெட்ல ஆட பூப்பந்து இருக்கே. காத்துக்கு அஞ்சாத பந்து, அஞ்சு பேர் ஒரே நேரத்துல ஆடலாம், ஒரு பந்து ரொம்ப நாள் வரும். இறகு ஷட்டில் டப்பா வாங்கினவங்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். ஒரு நல்ல மேட்ச்சுக்கு ரெண்டு மூணு காக் காலியாகும்.

கடைசியா ஒரு செய்தி. 2019 மே மாசம், சீனாவோட குவாங்சோ நகரத்துல, உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு ஒரு புது ஆட்டத்தை அறிமுகப்படுத்துச்சு. பேரு ஏர் பேட்மிண்டன். மணல்ல ஆடலாம், புல்லுல ஆடலாம், சிமெண்ட்ல ஆடலாம். எல்லாருக்கும் ஹால் கிடைக்கிறதில்ல, உலகத்துல பல பேர் பேட்மிண்டனை முதல்ல வெளியிலதான் ஆடிப் பார்க்குறாங்க, அவங்களுக்காகக் காத்தைத் தாங்குற ஒரு ஷட்டிலை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி உருவாக்கியிருக்கோம்னு சொன்னாங்க. கோர்ட்டும் கொஞ்சம் பெருசு. தஞ்சாவூர் முற்றத்துல கம்பளியை உருட்டிப் பந்தாக்கினவங்களுக்கு இந்தச் செய்தியை யாராவது போய்ச் சொல்லணும்.

இன்னைக்கு எபிசோட் இவ்வளவுதான். உங்க ஸ்கூல்ல பூப்பந்து கோர்ட் இருந்துச்சா? இப்ப அந்த இடத்துல என்ன இருக்கு? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நல்லதா சிலதை அடுத்த எபிசோட்ல போடுறோம். அடுத்த வாரம் சிலம்பத்தோட பார்ப்போம்.